இரும்பை அறுக்கும் நாடா: ஒரு மாணவனின் கேள்வியும் இருநூறு ஆண்டுக் கதையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள். பட்டறை, வெல்டிங், மரவேலை என்று கைத்தொழிலில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் கொடுமணல் உருக்கு பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவன் போன் செய்தான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது வயது ஆகப் போகிறது. மானாமதுரைப் பக்கம் அப்பாவின் கொல்லுப்பட்டறையை எடுத்து நடத்துகிறான். கதிர் அரிவாள், அரிவாள்மனை, தேங்காய் வெட்டும் கத்தி எல்லாம் செய்கிறவன். இரண்டு வருடமாக ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் சமையல் கத்தியும் செய்து கொடுக்கிறான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான் அவனுக்கு மூலப்பொருள்.

"டீச்சர், உருக்கு செஞ்ச கதையெல்லாம் எழுதுறீங்க. அதை அறுக்கிற கதைய எழுத மாட்டீங்களா?" என்றான்.

விளையாட்டாகக் கேட்கிறான் என்று நினைத்தேன். பேசப் பேசத்தான் விஷயம் தெரிந்தது. போன தை மாதம் மூடிப்போன ஒரு தச்சுப்பட்டறையிலிருந்து பேண்ட் சா மெஷின் ஒன்றை வாங்கியிருக்கிறான். மனைவியின் இரண்டு வளையலை அடகு வைத்து வாங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்பிரிங் பட்டையை வைத்துத் தள்ளினால், பத்து நிமிடத்தில் பிளேடின் பற்கள் கழன்று பொக்கைவாய் ஆகிவிட்டது. புது பிளேடு மாட்டினான். அதுவும் போயிற்று. சரி, பழையபடி கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டே அறுக்கலாம் என்று ஆரம்பித்தால், அவன் அப்பா கையில் வீல் வெடித்து ஒரு துண்டு கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. ஏழு தையல். "இன்னொரு தடவை அந்தக் கட்டிங் வீலை எடுத்தா நான் வீட்டை விட்டுப் போயிருவேன்னு அம்மா சொல்லிட்டாங்க டீச்சர்."

இப்போது ஒரு கடைக்காரர், "மூணு எச்.பி. மோட்டார் உள்ள மெஷினா எடுங்க, எதையும் அறுக்கும்" என்கிறாராம். அதற்குக் கடன் வாங்கலாமா என்பதுதான் அவன் கேள்வி.

நான் மெக்கானிக் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்தவள். ஆனால் என் அப்பா மதுரையில் லேத் ஓட்டியவர். அந்தப் பட்டறையின் மூலையில் ஒரு பவர் ஆக்ஸா ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு பக்கம் இழுக்கும்போது அறுக்கும், திரும்பும்போது சும்மா வரும். "இதுக்குப் பாதி சம்பளம்தான் கொடுக்கணும்" என்பார் அப்பா. அந்தப் பழக்கத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு ஒன்று புரிந்தது. இந்தப் பையன் பத்து நிமிடத்தில் சந்தித்த சிக்கல்களைத் தீர்க்க உலகத்துக்கு 150 வருடம் ஆகியிருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் எந்த மெஷின் வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கதையில் மூன்று சிக்கல்கள்: மூட்டு, பல், வேகம்.

ஒன்று: மூட்டு

ரம்பம் என்றால் முன்னும் பின்னும் போக வேண்டும், பாதி நேரம் வீண். அதற்குப் பதிலாக ரம்பத்தை நாடா மாதிரி நீளமாகச் செய்து, இரண்டு முனையையும் இணைத்து, இரண்டு சக்கரத்தில் மாட்டிச் சுற்றவிட்டால் நிற்காமல் அறுக்குமே? லண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி இந்த யோசனைக்கு 1808-09 வாக்கிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். யோசனை பிரமாதம். ஆனால் நாற்பது வருடம் போல அது பெரும்பாலும் காகிதத்திலேயே கிடந்தது.

காரணம் மூட்டு. நம் வகுப்பறைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இன்றைய மரப்பட்டறையில் இருக்கும் 14 அங்குலச் சக்கர மெஷினில் பிளேடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் ஓடும். பிளேடின் மொத்த நீளம் 2.36 மீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 380 சுற்று, ஒரு மணி நேரத்துக்கு 22,000 சுற்றுக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரத்தில் வளைந்து நிமிர வேண்டும். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும்? பட்டென்று ஒடியும். அந்தக் காலத்து நாடாவும் இணைத்த இடத்தில் அப்படித்தான் ஒடிந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஒரு பெண். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆன் போலின் கிரெபின், 1846-இல் நாடாவின் முனைகளை உறுதியாக இணைக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை கேட்டார். அந்த உரிமையைப் பாரிஸின் பெரின் நிறுவனம் வாங்கியது. நல்ல உருக்கு, நல்ல பதம், இந்த இணைப்பு மூன்றையும் சேர்த்துத்தான் வேலைக்கு ஆகும் பேண்ட் சா பிளேடு பிறந்தது. அதன் பிறகு மர அறுவை மில்களில் அது ராஜ்ஜியம் நடத்தியது. நம் ஊர் மில்களில் தேக்கும் வேம்பும் பலகையாகிறதே, எல்லாம் அந்த வம்சம்தான்.

நம் பையன் வாங்கியதும் அந்த வம்சத்து மெஷின்தான். மரத்துக்கு அது சரியான மெஷின். இரும்புக்கு ஆகாது.

இரண்டு: பல்

உருக்கை அறுக்க வேண்டுமென்றால் பல் உருக்கைவிடக் கடினமாக இருக்க வேண்டும். சாதாரணக் கார்பன் உருக்கில் செய்த பல்லைத் தோய்ச்சல் போட்டுக் கடினமாக்கலாம். ஆனால் அறுக்கும்போது உரசலில் சூடு ஏறும். 200, 250 டிகிரியைத் தாண்டினால் போட்ட பதம் இறங்க ஆரம்பிக்கும். பதம் இறங்கிய பல் மழுங்கும். மழுங்கிய பல் இன்னும் அதிகமாக உரசும், இன்னும் சூடாகும். கிணற்றுப் படியில் சறுக்குகிற மாதிரி, ஆரம்பித்தால் நிற்காது.

இதற்கு விடை அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்காலையில் கிடைத்தது. 1898 முதல் 1900 வரை பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர், மான்செல் வொயிட் என்ற இருவர் டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த உருக்கை, உருகும் நிலைக்குக் கிட்டே வரை சூடாக்கிப் பதப்படுத்திப் பார்த்தார்கள். அதுவரை யாரும் துணியாத வேலை. அந்த உளி மங்கிய சிவப்பாகப் பழுத்த நிலையிலும் மழுங்காமல் இரும்பைச் சீவியது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 'ஹை ஸ்பீடு ஸ்டீல்' என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். என் அப்பா தன் உளிகளைப் பொட்டலம் கட்டிப் பூட்டி வைத்ததன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

ஆனால் பேண்ட் சாவுக்கு இது மட்டும் போதாது. கடினமான உருக்கு வளையாது, ஒடிந்துவிடும். நாடாவோ வளைந்தே தீர வேண்டும். உடம்பு வளைய வேண்டும், பல் வளையக் கூடாது. இந்த முரண்பாட்டுக்கு 1960-களில் வழி பிறந்தது. வளையும் ஸ்பிரிங் உருக்கில் நாடா, அதன் ஓரத்தில் மெல்லிய கம்பி போல ஹை ஸ்பீடு ஸ்டீல். எலக்ட்ரான் கற்றையால் இரண்டையும் பற்றவைத்து, அந்த ஓரத்தில் பல் வெட்டினார்கள். கடையில் 'பை-மெட்டல் பிளேடு' என்று கேட்டால் கிடைப்பது இதுதான். சாதா பிளேடைவிட விலை அதிகம். கத்திப் பட்டறைக்கு இதுதான் கடைசியில் சிக்கனம்.

பல்லில் இன்னொரு சங்கதி, எண்ணிக்கை. அறுபடும் கனத்துக்குள் எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. மர பிளேடில் ஓர் அங்குலத்துக்கு மூன்று, நான்கு பல்தான். நான்கு என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. நம் பையன் வைத்தது 5 மில்லிமீட்டராகத் தட்டி எடுத்த பட்டை. அதாவது பட்டை முழுசாக இரண்டு பல்லுக்கு நடுவில் போய் விழுந்திருக்கிறது. அடுத்த பல் வந்து முட்டியதும் வேரோடு போய்விட்டது. "பல்லு ஏன் கழண்டுச்சுன்னு இப்பத்தான் தெரியுது டீச்சர்" என்றான்.

மூன்று: வேகம்

இதுதான் கதையின் உயிர்நாடி. இரண்டாவது பிளேடும் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரத்துக்கு நிமிடத்துக்கு 900 மீட்டர் என்றேன். பதம் இறக்கிய கார்பன் உருக்குக்கு எவ்வளவு தெரியுமா? 30 முதல் 60 மீட்டர். நடுவில் 50 என்று வைத்தால்கூட மர மெஷின் பதினெட்டு மடங்கு வேகமாக ஓடுகிறது. அந்த வேகத்தில் பல் அறுப்பதற்கு முன்பே வெந்துவிடும்.

உலோகத்துக்கென்றே வேகம் குறைத்த பேண்ட் சாவைப் பட்டறைக்குள் பரவலாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து லெய்டன் வில்கி. 1930-கள், உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம். அன்றைக்கு அச்சு செய்கிறவர்கள் உருக்குக் கட்டியில் ஒரு வளைவான வடிவம் வெட்ட வேண்டுமென்றால் கோடு நெடுக வரிசையாகத் துளை போட்டு, உடைத்து எடுத்து, அரத்தால் ராவி முடிக்க வேண்டும். நாள் கணக்கில் ஆகும் வேலை. வில்கியின் மெஷின் மெல்லிய நாடாவை மெதுவாக ஓட்டி, வளைவுக் கோட்டின் மேலேயே அறுத்துக்கொண்டு போனது. அதோடு பிளேடு பற்றவைக்கும் கருவியையும் அதே மெஷினில் பொருத்தினார். கட்டியில் ஒரு துளை போட்டு, பிளேடை வெட்டி உள்ளே நுழைத்து, அங்கேயே பற்றவைத்து, உள்பக்க வடிவத்தையும் அறுக்கலாம். கிரெபின் அம்மையார் தீர்த்துவைத்த மூட்டு, தொண்ணூறு வருடம் கழித்து மெஷினோடு ஒட்டியே வந்துவிட்டது. டூ-ஆல் என்ற பெயரில் அந்த மெஷின்கள் உலகம் முழுக்கப் போயின.

இதில் கத்திக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம் கொல்லர்கள் அறுப்பதில்லை. காய்ச்சி அடித்து வடிவம் கொண்டுவருகிறார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு வழி பரவியது. தட்டையான உருக்குப் பட்டையில் கத்தியின் வடிவத்தை வரைந்து, அறுத்து, மிச்சத்தைத் தேய்த்து எடுப்பது. இந்த வழியைப் பிரபலமாக்கியவர்களில் பெரிய பெயர் அமெரிக்காவின் பாப் லவ்லெஸ். 1954-இல் கப்பல் தொழிலாளியாக இருந்தபோது நியூயார்க் கடையில் ராண்டல் என்ற பெயர்பெற்ற கத்தி ஒன்று கேட்டார். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நாமே செய்தால் என்ன என்று பழைய இரும்புக் கடைக்குப் போனார். அவர் முதல் கத்தி செய்தது எதிலிருந்து தெரியுமா? 1937-ஆம் ஆண்டு பேக்கார்டு காரின் ஸ்பிரிங்கிலிருந்து. இதைச் சொன்னதும் போனில் நம் பையன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "நம்ம பட்டைதானா டீச்சர்!"

பட்டை ஒன்றுதான். அதை அடித்தால் சம்மட்டி போதும். அறுத்தால் மெதுவாக ஓடும் ரம்பம் வேண்டும்.

சரி, எதை வாங்குவது?

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

கடைக்காரரிடம் எத்தனை எச்.பி. என்று கடைசியில் கேளுங்கள். முதலில் பிளேடு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடும் என்று கேளுங்கள். 30-க்கும் 60-க்கும் நடுவில் ஓட்ட முடிய வேண்டும். அந்த வேகத்தில் கத்திப் பட்டையை அறுக்க அரை எச்.பி. மோட்டாரே போதும்.

இருக்கிற மர மெஷினை மாற்றலாமா என்று கேட்டான். கணக்குப் போடச் சொன்னேன். 14 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.12 மீட்டர். 50 மீட்டர் வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்கு 45 முறைதான் சுற்ற வேண்டும். மோட்டார் சுற்றுவது 1440. முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். மின்சாரத்தால் வேகம் குறைக்கும் பெட்டி மட்டும் வைத்தால், அவ்வளவு மெதுவாக மோட்டாருக்கு இழுவையும் போதாது, தன் விசிறியால் ஆறவும் முடியாது. கியர் பெட்டியும் புல்லியும் வைத்தே குறைக்க வேண்டும். தெரிந்தவர் கைவேலை இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் அந்தச் செலவுக்கு இரும்பு அறுக்கும் மெஷினே வாங்கிவிடலாம்.

சின்னப் பட்டறைக்கு இரண்டு வகை பொருந்தும். ஒன்று, படுத்த நிலையில் கம்பியையும் பட்டையையும் துண்டு போடுகிற சின்ன மெஷின். அதையே நிமிர்த்தி நிறுத்தி ஒரு மேசைத் தகடு மாட்டினால் கத்தி வடிவமும் அறுக்கலாம். நிமிர்த்த முடிகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இரண்டாவது, குழாய் வேலைக்காரர்கள் கையில் பிடித்து அறுக்கும் பேண்ட் சா. அதை ஒரு தாங்கியில் உறுதியாக மாட்டி, மேசை வைத்துக்கொள்ளலாம். மெல்லிய தகட்டுக்கும் இடமில்லாத பட்டறைக்கும் அது நல்லது.

அரை அங்குல அகலப் பிளேடு கூர்மையான வளைவில் திரும்பாது. கத்தியின் வயிற்று வளைவை விட்டு விட்டு அறுத்து, மீதியைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். பல் எண்ணிக்கை: 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு அங்குலத்துக்கு 24, 5 மில்லிமீட்டருக்கு 18, 10 மில்லிமீட்டருக்கு 10. அந்த மெஷினுக்கான பிளேடு நீளம் பக்கத்து ஊரில் கிடைக்கிறதா என்று மெஷின் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: ஸ்பிரிங் பட்டையை அப்படியே அறுக்கக் கூடாது. அது ஏற்கெனவே பதம் போட்டது. உலையில் வைத்துக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, அதற்கு மேலும் கொஞ்சம் சூடேற்றி, சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும். அவன் அப்பாவுக்கு இது கைவந்த கலை. "அப்பா இதைத்தான் முதல்லயே சொன்னாரு டீச்சர், நான்தான் மெஷின் இருக்கேன்னு கேக்கல" என்று ஒப்புக்கொண்டான்.

சீவலைப் பாருங்கள். சுருள் சுருளாக விழுந்தால் எல்லாம் சரி. மாவு மாதிரி விழுந்தால் அழுத்தம் போதவில்லை. நீலம் பாய்ந்தால் வேகமோ அழுத்தமோ கூடிவிட்டது. புது பிளேடை முதல் சில அறுப்புகளுக்கு மெதுவாகப் பழக்குங்கள்.

நிமிர்ந்த பேண்ட் சாவில் நாடா கீழ்நோக்கி ஓடுவதால் பொருளை மேசை மேல்தான் அழுத்தும், கட்டிங் வீல் மாதிரி தூக்கி எறியாது. அதற்காக அலட்சியம் கூடாது. கண்ணாடி போடுங்கள். கையுறை போடாதீர்கள், பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். கடைசி இரண்டு அங்குலத்தை விரலால் தள்ளாமல் கட்டையால் தள்ளுங்கள். பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஒரே மாதிரி இருநூறு கத்திக்கு ஆர்டர் வந்தால் எந்த ரம்பமும் வேண்டாம், லேசர் வெட்டும் இடத்தில் தகட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வதே லாபம் என்றும் சொன்னேன். ஓரம் மட்டும் கடினப்பட்டு வரும், அதைத் தேய்த்துவிட வேண்டும்.

போன வாரம் மறுபடி போன் வந்தது. அந்த மூன்று எச்.பி. கடைக்காரரிடம் வேகத்தைக் கேட்டானாம். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டான். பிறகு வேலையை நிறுத்திய ஒரு வெல்டிங் பட்டறையில் அரை எச்.பி. மெஷின் ஒன்று பார்த்திருக்கிறான். தன் வீட்டு உலையில் பதம் இறக்கிய பட்டையைக் கையோடு கொண்டுபோய், அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தான். கையிருப்பிலேயே முடிந்தது, கடன் வாங்கவில்லை.

"ஒரு பட்டைக்கு நாலு நிமிஷம் ஆகுது டீச்சர். ஆனா பல்லு அப்படியே இருக்கு. சுருள் சுருளா விழுது. அப்பா நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு."

இதை எழுதும்போது மனசை உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே பையனை எட்டாம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் 'மந்தம்' என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் வரையும் இந்திய வரைபடத்தை அவன் ஒரு பாடவேளை முழுக்க வரைவான். கன்னியாகுமரி முனை வரை கோடு அசையாமல் இருக்கும். அதை நான் பார்க்கவில்லை, மணியை மட்டும் பார்த்தேன். அவன் அதை நினைவு வைத்திருக்கிறானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. இந்தப் பதிவை அவனும் படிப்பான். தம்பி, தப்பு என் மேல்தான். இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற என் மாணவிகள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். நீங்களும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த மர பேண்ட் சா அவன் வீட்டுத் தாழ்வாரத்தில் சும்மா கிடக்கிறது. 14 அங்குலச் சக்கரம், மோட்டார் நன்றாக ஓடுகிறது. பிளேடு மட்டும் புதிதாகப் போட வேண்டும். நம் பிள்ளைகளில் யாராவது தச்சுவேலை செய்கிறவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுகிறான். வளையலை மீட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்